முனை மின்னல்களின் மார்கிரட்

எனக்குப் பெண் பார்த்தது கோயில் வீதியில். எண்பத்தொன்பதாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தற்செயலாகச் சந்தித்தவர்கள்போல மரநிழலில் நின்று மழையைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவரையும் கொஞ்சம் தள்ளி நிற்க விட்டார்கள். நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் கீறுகிற வேலை. அதைப் பற்றிக் கேட்பாள் என்று பதிலெல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். உதயகலா நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"முனை மின்னல்கள் மேடையிலை வாசிச்சு நீங்கள் பாத்திருக்கிறியளோ?"

இல்லை என்றேன். அந்த ஆண்டுகளில் எனக்கு வவுனியாவில் வேலை, லீவுக்கு வந்தாலும் ஐயாவோடு தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவே நேரம் சரியாகிவிடும் என்றேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள், நல்ல சாப்பாடே கிடைக்காமல் வளர்ந்த ஒருவனைப் பார்ப்பதுபோல. பிறகு வீட்டில் போய்ச் சம்மதம் என்று சொல்லிவிட்டாள். எதற்காகச் சம்மதித்தாய் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன். பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொல்லித் திரிந்த காலம் அது, நீங்கள் ஒருவர்தான் இல்லை என்று சொன்னீர்கள் என்றாள்.

பாட்டு விஷயத்தில் நான் கல். எந்தப் பாட்டைக் கேட்டாலும் முந்திக் கேட்டதுபோலத்தான் இருக்கும். ஆனால் முனை மின்னல்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் கரவெட்டியில் இப்போது இருக்கமாட்டார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் அல்லவா.

பருத்தித்துறையில் கலங்கரை விளக்கம் நிற்கிற பக்கத்துக்கு முனை என்று பெயர். எழுபதுகளின் கடைசியில் அந்தப் பக்கத்துப் பெடியள் சிலர் சேர்ந்து ஒரு பொப் இசைக்குழு தொடங்கினார்கள். அப்போதெல்லாம் கோயில் திருவிழாவுக்கு வருகிற குழுக்கள் சினிமாப் பாட்டைத்தான் வாசிக்கும். முனை மின்னல்கள் சினிமாப் பாட்டைத் தொடவேமாட்டார்கள். எல்லாம் அவர்களே கட்டிய பாட்டு, அதுவும் அவர்கள் வீட்டில் கதைக்கிற தமிழில். யாழ்ப்பாணம் போகிற கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் வழிநெடுக ஒவ்வொரு வீட்டு நாயோடும் சண்டை பிடித்துக்கொண்டு நடப்பதாக ஒரு பாட்டு. வள்ளம் கரைக்கு வருமுன்னே மீனின் விலையை ஊகித்துக் கத்துகிற பெண்களைப் பற்றி ஒரு பாட்டு. கலா அவற்றைச் சமைக்கும்போது பாடுவாள். அவளுக்குக் குரல் இல்லை. எனக்குக் காது இல்லை. ஆகையால் வீட்டில் பிரச்சினை வந்ததில்லை.

ஆனால் கலா அந்தக் குழுவுக்கு அடிமையானது பாட்டால் அல்ல, மார்கிரட்டால்.

மார்கிரட் டிரம்ஸ் அடித்தாள். ஒரு பெண் மேடையேறிப் பாடினாலே நாலு பேர் நாலு விதமாகக் கதைக்கிற காலத்தில், நீளக் காற்சட்டையும் கோடுபோட்ட சேட்டும் போட்டு, இரட்டைப் பின்னலைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால் உயர்ந்த பலகையில் உட்கார்ந்து அடித்தாள். முதலில் டிரம்ஸ் அடித்தது அவளுடைய அண்ணன் அன்ரன். அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை விட்டுவிட்டுப் போய்விட்டான். தமையன் வீட்டில் பழகுவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் அடித்துக்கொண்டிருந்த தங்கச்சியைக் குழுவில் இருந்தவர்கள் வேறு வழியில்லாமல் இருத்தினார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு என்றுதான் இருத்தினார்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு ஒழுங்கு செய்ய வந்தவர்கள், அந்தப் பெட்டை வருவாளா என்று கேட்டுத்தான் திகதி குறித்தார்களாம்.

கலாவுடைய சிநேகிதி செல்வநாயகி. செல்வநாயகியின் அண்ணை ஹயர் கார் ஓடினவர். அந்தக் கார் இருந்தபடியால்தான் கரவெட்டியில் ஒரு தோட்டக்காரருடைய மகள், வடமராட்சி முழுக்க அந்தக் குழுவைத் துரத்தித் துரத்திப் பார்க்க முடிந்தது. வீட்டில் கோயில் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பல தடவை அது உண்மையும்தான். கோயில் வீதியில்தானே மேடை.

எண்பத்திரண்டாம் ஆண்டு ஆவணி மாதத்து நிகழ்ச்சியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். நான் அங்கே இருக்கவில்லை. ஆனால் கலா அதை எனக்கும், எங்கள் மகள் கீர்த்திகாவுக்கும், வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி, இப்போது நானே அந்தச் சனத்துக்குள் நின்றதுபோல இருக்கிறது.

துறைமுகத்துக்குப் பக்கத்து வெளியில் கார்னிவேல். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் முள்ளுக்கம்பி வேலி, வெளியே போக ஒரே ஒரு வாசல். பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில் மின்னல்கள் மேடைக்கு வந்தார்கள். சனமென்றால் அப்படிச் சனம். பஸ் பாட்டின் நடுவில் ஜெனரேற்றர் நின்றுவிட்டது. பாட்டுக்காரனின் குரல், கிற்றார், ஓர்கன், மேடை லைற், ஐஸ்கிறீம் வான் லைற் எல்லாம் ஒன்றாக அணைந்துபோயின. கும்மிருட்டு. பின்னால் நின்றவர்கள் முன்னுக்குத் தள்ள, முன்னுக்கு நின்றவர்கள் பின்னுக்குத் தள்ள, கடல் பக்கம் ஒரு பிள்ளை விழுந்துவிட்டது என்று யாரோ கத்த, சனம் அந்த ஒற்றை வாசலை நோக்கி அள்ளுப்பட்டது. கலாவும் செல்வநாயகியும் வேலியோடு நெரிபட்டார்கள். மூச்சுவிட முடியவில்லை. செல்வநாயகி அழத் தொடங்கிவிட்டாள்.

டிரம்ஸ் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கரண்ட் தேவையில்லைத்தானே.

"எல்லாம் நிண்டு போச்சு. அவ நிப்பாட்டேல்லை." கதை சொல்லும்போது இந்த இடத்தில் கலா ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்வாள்.

முதலில் பாட்டின் வேகத்திலேயே அடி விழுந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ஒருவருக்கும் தெரியாமல், தாளம் மெதுவானது. தள்ளிக்கொண்டிருந்த கால்கள் தங்களை அறியாமலே அந்தத் தாளத்தில் விழத் தொடங்கின. முன்பக்கத்தில் யாரோ கைதட்டினார்கள். பக்கத்தில் நின்றவர்களும் தட்டினார்கள். கைதட்ட வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டும், கையை எடுத்தால் முன்னால் நிற்பவனைத் தள்ள முடியாது. கொஞ்ச நேரத்தில் வெளி முழுவதும் ஒரே கைதட்டல். வேலியோடு கிடந்த கலாவுக்கு மூச்சு வந்தது. மறுபடி லைற் எரிந்தபோது, பாட்டுக்காரனும் மற்றவர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் மேடையில் நின்று தாங்களும் கைதட்டிக்கொண்டிருந்தார்களாம். மார்கிரட் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தாளாம்.

அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆடிக் கலவரம் வந்தது. அதற்குப் பிறகு மேடை போட யாருக்கு மனம் வரும். குழுவில் ஒருவன் ஜெர்மனிக்குப் போனான், ஒருவன் இந்தியாவுக்குப் போனான், மார்கிரட் எங்கே போனாள் என்று தெரியவில்லை. அவர்களுடைய பாட்டு ஒன்றுகூடப் பதிவாகி எங்களிடம் இல்லை.

கலா குடும்பநல உத்தியோகத்தராகப் படித்து வேலைக்கு வந்தாள். ஊரில் பிரசவம் பார்க்கிறவர்களை மிட்வைவ் அம்மா என்பார்கள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே மழையில் நனைந்தபடி இந்தப் பக்கம் இடம்பெயர்ந்து வந்தபோது, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் நிறைந்துபோனது. ஒரு பின்னேரம் கலாவுக்கு உதவியாக நானும் போயிருந்தேன். ஒரு வகுப்பறையில் பிள்ளைகள் உட்காருகிற வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, சேலையால் மறைத்து, ஒரு பெண்ணைக் கிடத்தியிருந்தார்கள். முதல் பிள்ளை. புருசன் வழியில் எங்கோ பிரிந்துவிட்டான். மழை இருட்டு, கரண்ட் இல்லாத ஆண்டுகள், ஜாம் போத்தல் விளக்கு. அந்தப் பெண்ணுக்குப் பயத்தில் மூச்சு நாய்க்கு இரைப்பதுபோல இரைத்தது. கலா சொல்லிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் சேலைக்கு இந்தப் பக்கம் சுடுதண்ணீரோடு நின்றேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. வாங்கின் விளிம்பில் கலா இரண்டு விரலால் தட்டினாள். முதலில் அந்தப் பெண் மூச்சு விட்ட அதே வேகத்தில். அவளோடு கூடவே ஓடுவதுபோல. பிறகு மெல்ல மெல்ல, எனக்கே தெரியாமல், வேகம் குறைந்தது. அந்தப் பெண்ணின் மூச்சும் கூடவே இறங்கி வந்தது. கடைசியில் நானும் அந்தத் தாளத்துக்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன் என்பது, பிள்ளை அழுத பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இதை எங்கே படிப்பித்தார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"மார்கிரட்டிட்டைப் படிச்சனான்" என்றாள்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவள் அப்படித்தான் தட்டினாள். கட்டில் சட்டத்தில், மேசையில், ஒருமுறை ஓடுகிற ட்ராக்டரின் பெட்டியில். வடமராட்சியில் இன்று முப்பது வயதில் திரிகிற எத்தனையோ பேர் அந்தத் தாளத்தைக் கேட்டுக்கொண்டு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது தெரியாது.

போன வருடம் கலா ஓய்வு பெற்றாள். வீட்டில் இருக்கத் தொடங்கியதும் மின்னல்களைப் பற்றிய கதை கூடிவிட்டது. கனடாவில் இருக்கிற கீர்த்திகா தாய்க்காகப் பேஸ்புக்கில் தேடினாள். பாட்டுக்காரன் ஜெர்மனியில் காலமாகிவிட்டான் என்று தெரியவந்தது. அன்று கலா சமைக்கவில்லை. மார்கிரட் அவுஸ்திரேலியாவில் இருப்பதாக ஒருவர் எழுதினார், வேறொருவர் அவ செத்துக் கனகாலம் என்று எழுதினார்.

இந்தப் பங்குனியில் நான் பருத்தித்துறைச் சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். வழக்கமாக வாங்குகிற மனுசியிடம் விளைமீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றேன். அவ தலையிடி என்றா. பகலெல்லாம் பக்கத்து வளவில் பெடியள் தகரத்தில் அடிப்பதுபோல ஒரு பாட்டுப் பழகுகிறார்கள், வீட்டுக்காரி மார்கிரட் அக்கா இடம் கொடுத்திருக்கிறா, அவவுடைய தமையனுக்குக் காது கேளாது, எங்களுக்குத்தான் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே செட்டையை வெட்டினா. எந்த மார்கிரட் அக்கா என்று கேட்டேன். தமையன் கப்பலுக்குப் போனவர், இவ அந்தக் காலத்தில் மேடையில் டிரம்ஸ் அடித்தவ, கலியாணம் கட்டி மன்னாரில் இருந்து, புருசன் செத்தபிறகு இஞ்சை வந்து பத்துப் பன்னிரண்டு வருசம் என்றா.

கரவெட்டிக்கும் முனைக்கும் எவ்வளவு தூரம்? மோட்டார் சைக்கிளில் நாலைந்து பாட்டுக் கேட்டு முடிவதற்குள் போய்விடலாம். இத்தனை வருடமும் அவ அங்கேயே இருந்திருக்கிறா.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு யோசனை. சொல்வதா, விடுவதா? நாற்பது வருடம் மனதில் உயரத்தில் வைத்திருக்கிற ஒரு ஆளை நேரில் போய்ப் பார்க்கலாமா? அந்த ஆள் நோயில் கிடந்தால்? சிடுசிடுப்பான ஆளாக இருந்தால்? ஆனால் கலாவிடம் ஒன்றை மறைத்து எனக்குப் பழக்கமில்லை. அவள் மீன் கழுவும்போது சொல்லிவிட்டேன். அவள் கழுவி முடித்தாள், உப்பும் மஞ்சளும் பிரட்டினாள், கையைத் துடைத்தாள். போவோமா என்று கேட்டேன். இன்றைக்கு வேண்டாம் என்றாள். அடுத்த நாளும் வேண்டாம் என்றாள். அவளுக்கும் எனக்கிருந்த அதே பயம்தான் என்று விளங்கியது. சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த ஒரு பின்னேரம், தானாகவே சேலை மாற்றிக்கொண்டு வந்து மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

வீட்டைத் தேட வேண்டி இருக்கவில்லை. சத்தம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது. மதிலால் சுற்றிய வளவு, முன்னால் ஓட்டு வீடு, பின்னால் முந்தி வள்ளச் சாமான் வைத்திருந்த ஒரு தகரக் கொட்டில். அந்தக் கொட்டிலின் தகரம் முழுவதும் அதிர்ந்துகொண்டிருந்தது. முற்றத்தில் கதிரை போட்டு ஒரு வயதானவர் நிம்மதியாகப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அன்ரன் அவர்தான். எங்களைப் பார்த்துச் சிரித்து, உள்ளே கையைக் காட்டினார்.

மார்கிரட் வெளியே வந்தா. நல்ல உயரம். வெள்ளைத் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தா. வீட்டில் போடுகிற நீளச் சட்டை. எங்களைக் கண்டதும் முகம் இறுகியது.

"சத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்தனீங்களோ? ஆறு மணிக்கு நிப்பாட்டிப் போடுவினம். நான் சொல்லி வைச்சிருக்கிறன்."

நாங்கள் அதற்கு வரவில்லை என்றேன். பிரசவ அறையில் பெரிய டொக்டர்மாரையே விலகி நில்லுங்கள் என்று சொன்ன கலா, அன்று பதினெட்டு வயதுப் பெட்டைபோல என் பின்னால் நின்றாள். நான்தான் சொன்னேன், இவ உங்கள் விசிறி, நீங்கள் வாசித்த காலத்தில் விடாமல் வந்து பார்த்தவ என்று. மார்கிரட்டுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வெட்கப்பட்டுச் சிரித்து, உள்ளே கூட்டிக்கொண்டு போய், தோடம்பழச் சாறு கரைத்துத் தந்தா.

கலா மெதுவாகக் கதைக்கத் தொடங்கினாள். எந்தக் கோயில், எந்த மேடை, எந்த நிறச் சேட்டு, எல்லாம். மார்கிரட் சந்தோசமாகக் கேட்டுக்கொண்டிருந்தா. கார்னிவேல் கதைக்கு வந்தாள். ஜெனரேற்றர் நின்றது, சனம் நெரிந்தது, தாளம் மெதுவானது. சொல்லி முடித்துவிட்டு மார்கிரட்டின் முகத்தைப் பார்த்தாள்.

மார்கிரட் யோசித்தா. பிறகு தலையை ஆட்டினா.

"எனக்கு நினைவில்லை, பிள்ளை. அந்த ஜெனரேற்றர் போன இடமெல்லாம் நிண்டது. எது எந்த நாளெண்டு எனக்குத் தெரியேல்லை."

கலா ஓம் என்று மட்டும் சொன்னாள். கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தாள். எனக்கு எழும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

மார்கிரட்டுக்கு நினைவில் இருந்தவை வேறு. நிகழ்ச்சி முடிந்ததும் காற்சட்டைக்கு மேலே சேலையைச் சுற்றி வீட்டுக்குக் கூட்டிப்போக அம்மா மேடைக்குப் பின்னால் காத்திருந்தது. சப்பாத்து இல்லாமல் பெடலை மிதித்துக் காலில் கொப்புளம் போட்டது. மேடையில் இருந்த நேரம் முழுவதும் எங்கே பிழை விடுவேனோ என்று பயம்தான், பாட்டு ஒன்றும் காதில் ஏறவில்லை என்றா. இப்போதுதான் நிம்மதியாக இருந்து கேட்கிறேன் என்று கொட்டில் பக்கம் கையைக் காட்டினா. அந்தப் பெடியளின் குழுவுக்குப் பெயர் உப்புக்காற்று. பாடுகிறவன் கஜானன், பக்கத்து ஒழுங்கைப் பெடியன். பழக இடம் இல்லாமல் திரிந்தார்கள், ஊரில் ஒருவரும் விடவில்லை, நான் விட்டேன் என்றா. நான் ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை, அவர்களுக்கு என்னைவிடக் கூடத் தெரியும், தேத்தண்ணி மட்டும் கொடுப்பேன் என்றா. எங்களைப் போலவே தாங்களே பாட்டுக் கட்டுகிறார்கள் என்று சொல்லும்போது அவவுடைய முகம் அப்படி மலர்ந்தது. பழைய கதை கேட்டபோது அவ்வளவு மலரவில்லை.

கலா சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் சொன்னேன். பள்ளிக்கூடத்து வாங்கை, அந்தப் பெண்ணை, இரண்டு விரலை, ட்ராக்டர் பெட்டியை. நான் பொதுவில் அவ்வளவு கதைக்கிற ஆள் இல்லை. அன்று கதைத்தேன். கலா என்னை நிறுத்தச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். நான் நிறுத்தவில்லை.

மார்கிரட் கலாவைத் திரும்பிப் பார்த்தா. "தட்டிக் காட்டுங்கோ."

கலா வெட்கப்பட்டாள். மார்கிரட் மறுபடியும் கேட்டா. அந்த நேரம் பெடியள் எதற்கோ நிறுத்தியிருந்தார்கள், வளவு அமைதியாக இருந்தது. கலா கதிரையின் மரக் கையில் இரண்டு விரலால் தட்டினாள். வேகமாகத் தொடங்கி, கூட ஓடி, பிறகு மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு வந்தாள். மார்கிரட் கண்ணை மூடிக் கேட்டா. முடிந்ததும் இன்னொருமுறை தட்டச் சொன்னா. இரண்டாவது முறை முடிந்தபோது கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"இது என்ரை இல்லை" என்றா.

கலா ஏதோ சொல்லப் போனாள். மார்கிரட் விடவில்லை.

"எனக்குக் கை ஓடிப்போடும், பிள்ளை. பாட்டை விட்டிட்டு முன்னாலை ஓடிப்போடும். அதுக்குப் பெடியளிட்டை வாங்காத பேச்சில்லை. இப்பிடிப் பக்குவமா இறக்க எனக்கு ஒருநாளும் தெரியாது. அண்டைக்கு மெதுவாப் போனதெண்டால் பயத்திலை கை சோர்ந்திருக்கும். இது நீங்கள் செய்தது."

பிறகு கலாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. எங்கெங்கே தட்டினீங்கள், என்ன மாதிரிப் பிள்ளைகள், பயந்த பெண்கள் என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. கலா சொன்னாள். அவ்வளவு நேரம் விசிறியாக வந்திருந்தது கலா. அதற்குப் பிறகு யார் யாருக்கு விசிறி என்று சொல்ல முடியாது. கொட்டிலில் சத்தம் திரும்பத் தொடங்கியபோது இருவரும் குரலை உயர்த்திக்கொண்டார்களே தவிரக் கதையை நிறுத்தவில்லை. நான் முற்றத்துக்குப் போய் அன்ரனிடம் பேப்பரில் பாதியை வாங்கி வாசித்தேன்.

திரும்பி வரும்போது நெல்லியடி வரைக்கும் எனக்கு அதே யோசனை. அவளுடைய அந்தப் பெரிய நாள் மார்கிரட்டுக்கு நினைவிலேயே இல்லை என்பது எனக்கே கவலையாக இருந்தது. அவளுக்கு எப்படி இருக்கும்? சந்தி கழிந்ததும் என் தோளில் தட்டினாள். நான் வேகத்தைக் குறைத்தேன்.

"அவ ஓமெண்டு சொல்லியிருக்கலாம், என்ன?" என்றாள். "நினைச்சுத்தான் மெதுவாக்கினனான் எண்டு சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பன். நம்பிறதுக்கெண்டே போனனான். அவ சொல்லேல்லை." கொஞ்சத் தூரம் போனபிறகு, "அப்ப பாத்ததைவிட இப்ப பெரிய ஆளாத் தெரியிறா" என்றாள்.

வைகாசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் உப்புக்காற்றின் நிகழ்ச்சி. மார்கிரட் கலாவை வரச் சொல்லிப் போன் எடுத்தா. சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் மூவரும் ஒரு வாடகை வானில் போனோம். கலா பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள். நிகழ்ச்சி என்றால் அவளுக்கு அதுதான் உடுப்பு. பெடியள் தங்கள் பெயர் அடித்த கறுத்த ரீசேட் ஒன்றை மார்கிரட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். அவ அதை நீளப் பாவாடைக்கு மேலே போட்டிருந்தா. மண்டப வாசலில் நின்ற பிள்ளைகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

முதல் பாட்டுத் தொடங்கியதும் என் நெஞ்சுக்கூடு ஆடியது. நான் கதவடிக்குப் போய்விட்டேன். கலா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவளுடைய முகத்தைப் பார்த்தால் வெளியே வந்துவிடுவாள் போல இருந்தது. மார்கிரட் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தா. இடைக்கிடை கலாவின் கையைக் காதிலிருந்து பிரித்து, எதையோ கத்திச் சொல்லி, மேடையைக் காட்டினா. கலா கேட்டுவிட்டு மறுபடி பொத்திக்கொண்டாள். அடுத்த பாட்டும் அப்படியே போனது.

அதற்குப் பிறகு கஜானன் விசா வரிசையில் நிற்கிற ஒருவனைப் பற்றிய பாட்டைப் பாடினான். பாட்டு என்பதா, கத்தல் என்பதா, எனக்குத் தெரியாது. வெய்யிலில் வரிசையில் நிற்கிறான். முன்னால் நிற்பவனின் பிடரியில் இருக்கிற மச்சம் அவனுக்குப் பாடமாகிவிட்டது. வீட்டில் நாய் காத்திருக்கிறது. இவ்வளவுதான் பாட்டு. ஆனால் எல்லாம் எங்கள் தமிழில், எங்கள் ஒழுங்கைகளில் கதைக்கிறபடி. மண்டபத்தில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொரு வரியையும் சேர்ந்து பாடினார்கள். எத்தனை பேருடைய அண்ணன்மார் அப்படி வரிசையில் நின்று போனவர்களோ. பாட்டின் நடுவில் பார்த்தேன், கலாவின் இரண்டு கையும் கீழே இருந்தன. எப்போது எடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

பிறகு இருவரும் முன்னுக்குப் போகத் தொடங்கினார்கள். ரீசேட்டும் பட்டுச்சேலையும் சனத்துக்குள் ஒன்றாக நகர்ந்தன. பிள்ளைகள் திரும்பிப் பார்த்து வழி விட்டார்கள். ஒரு பெட்டை கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். இருவரும் இருக்கவில்லை. கடைசிப் பாட்டு முடியும்வரை மேடைக்கு நேரே, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். அறுபத்தொரு வயதில் என் மனுசி இரண்டு கையையும் உயர்த்தி நின்றதை நான் கதவடியில் நின்று பார்த்தேன். கோயில் வீதியில் முதல்முதல் பார்த்தபோது எனக்கு அவளைப் பற்றி என்ன தெரிந்தது என்று யோசித்தேன். ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த நாள் காலை கீர்த்திகா போன் எடுத்தாள். மார்கிரட் எப்படி, பழைய பாட்டு ஏதும் பாடினாவா, படம் எடுத்தீர்களா என்று கேட்டாள். கலா அதற்கெல்லாம் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு, உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கஜானனுக்குத் தொண்டை போய்விடும், அவனுக்கு ஒருவரும் சொல்வதில்லையா என்றாள். டிரம்ஸ் அடிக்கிற பெடியனுக்கு நல்ல கை, ஆனால் கொஞ்சம் அவசரப்படுகிறான் என்றாள். விசாப் பாட்டின் இரண்டு வரியைத் தன் இல்லாத குரலில் பாடியும் காட்டினாள். அந்தப் பக்கத்தில் கீர்த்திகா சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்த மாதம் வட்டுக்கோட்டையில் நிகழ்ச்சியாம். மார்கிரட்டும் அவளும் போவதென்று முடிவாகிவிட்டது. நானும் வரலாமா என்று கேட்டேன். வாங்கோ, ஆனால் கதவடியில் நிற்கக்கூடாது, காதுக்குப் பஞ்சு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பின்னேரமே நெல்லியடிக்குப் போய் ஒரு பெரிய சுருளாக வாங்கி வந்துவிட்டேன்.